நாலு சதவீதமும் நூறு சதவீதமும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று மன்றத்தில் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நம்ம காலேஜில் கவிதை எழுத ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் நான் ஒரு பாட்டிலைப் பற்றி எழுதுகிறேன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்தான். ஆனால் உள்ளே இருந்தது தண்ணி அல்ல. அதை அங்கே வைத்தவன் நான்தான். அதனால் இது பாதி கட்டுரை, பாதி மன்னிப்புக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி முத்தாண்டிக்குப்பத்தில் சாயங்காலம் ஒரு சின்ன கடை போடுகிறார். காலிபிளவர் சில்லி, பிரைடு ரைஸ், இந்த மாதிரி. அதற்கு வினிகர் வேண்டும். பச்சை மிளகாயை ஊறப்போட வேண்டும், வெங்காயத்துக்கு ஊற்ற வேண்டும். வாரத்துக்கு நாலைந்து பாட்டில் காலியாகும். முதலாமாண்டு கெமிஸ்ட்ரி படித்து முடித்திருந்த எனக்கு ஒரு "ஐடியா" வந்தது. வினிகர் என்பது என்ன? தண்ணி கலந்த அசிட்டிக் அமிலம். அப்படியானால் அமிலத்தை வாங்கி நாமே தண்ணி கலந்தால் என்ன? இருபது பாட்டில் வினிகர் கிடைக்குமே!

ஒரு கடையில் கேட்டேன். உதிரியாகக் கொடுத்தார்கள். நான் கொண்டுபோயிருந்த காலித் தண்ணி பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிளும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூடியைத் தாண்டி நெடி வருகிறது. சரி, நாளைக்குக் கலந்துகொள்ளலாம் என்று சித்தி வீட்டு பிரிட்ஜில் கடைசித் தட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் சித்தி பையன் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்திருக்கிறான். வயசு ஒன்பது. பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒரு பாட்டில், பாதி வரைக்கும் கட்டி ஐஸ்! மே மாசத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? வெயிலில் வைத்து உருக்கி டம்ளரில் ஊற்றியிருக்கிறான். வாய் கிட்டே கொண்டுபோகும்போதே நெடி மூக்கில் ஏறி, இருமி, டம்ளரைத் தட்டிவிட்டான். உதட்டிலும் தாடையிலும் கையிலும் பட்டது. தொண்டைக்குள் போகவில்லை. அந்த நெடிதான் அவனைக் காப்பாற்றியது.

சித்தி என்னைத் திட்டவே இல்லை. "நீ படிச்ச புள்ள, நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட நர்ஸம்மா என்ன பட்டது என்று விசாரித்தார். சொன்னேன். "தம்பி, அந்தத் திராவகத்தத்தான் நாங்களும் இங்க தெனமும் காலையில கலக்குறோம். அஞ்சு மில்லிக்குத் தொண்ணூத்தஞ்சு மில்லி தண்ணி. அத அளக்காம ஒரு நாளும் தொட மாட்டோம்" என்றார். ஆஸ்பத்திரியில் வினிகருக்கு என்ன வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அதைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன். அந்த வேலையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐஸ் ஆனது ஏன்?

சுத்தமான அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். தண்ணி 0 டிகிரிக்கு வந்தால்தான் உறையும். பிரிட்ஜின் உள்ளே நாலைந்து டிகிரிதான் இருக்கும். அங்கே தண்ணி தண்ணியாகவே கிடக்கும். இந்த அமிலமோ கட்டியாகிவிடும். குளிர் நாடுகளில் ஜன்னலோரம் வைத்த பாட்டில்கூட ராத்திரியில் பனிக்கட்டி போல உறைந்து நிற்கும். அதனால்தான் இதற்கு "கிளேசியல்" அசிட்டிக் அமிலம் என்று பெயர். பனிப்பாறை போன்றது என்று அர்த்தம். புத்தகத்தில் இந்தப் பெயரை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பிரிட்ஜில் வைத்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இது தீப்பிடிக்கும் திரவம். சுமார் 39 டிகிரியில் இதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு 39 டிகிரி பெரிய விஷயமே இல்லை. அடுப்புப் பக்கத்தில் வைக்கிற சாமானா இது?

வீக் ஆசிட் என்றால் சாது என்று அர்த்தமா?

நாம் எல்லோரும் தப்பு செய்கிற இடம் இதுதான். வைவாவில் "அசிட்டிக் ஆசிட் ஸ்ட்ராங்கா வீக்கா?" என்று கேட்பார்கள். "வீக் சார்" என்போம். மார்க் கிடைக்கும். ஆனால் மனசில் என்ன பதிகிறது? வீக் என்றால் ஆபத்தில்லாதது என்று பதிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் பதிந்திருந்தது.

வலிமை குறைந்த அமிலம் என்பது வேறு, நீர்த்த அமிலம் என்பது வேறு. வலிமை என்பது அந்த அமிலத்தின் குணம். தண்ணியில் கரைந்தால் எத்தனை மூலக்கூறு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது என்பதுதான் வலிமை. நீர்த்தல் என்பது நாம் செய்கிற காரியம். எவ்வளவு தண்ணியில் எவ்வளவு அமிலம் என்கிற கணக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். 100 மில்லியில் 5 கிராம் அமிலம் உள்ள வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 50 கிராம். மூலக்கூறு எடை 60. ஆக 50ஐ 60ஆல் வகுத்தால் 0.83. இது 0.83 நார்மல் கரைசல். இதே 0.83 நார்மலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் அதன் பி.எச். கிட்டத்தட்ட 0.1 வரும். நாக்கில் வைக்க முடியாது. ஆனால் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 0.000018தான். அதைப் போட்டுக் கணக்கிட்டால் வினிகரின் பி.எச். 2.4 வருகிறது. அதாவது 1000 மூலக்கூறில் ஐந்துகூட முழுசாகப் பிரிவதில்லை. அதனால்தான் அதைச் சாலட்டில் ஊற்றிச் சாப்பிட முடிகிறது.

பிரியாமல் இருக்கிற மீதி 995 மூலக்கூறும் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. ஊறுகாயைக் காப்பாற்றுவதே அவைதான். மின்சுமை இல்லாத மூலக்கூறு என்பதால் கிருமியின் செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு பிரிந்து, கிருமியை உள்ளிருந்தே முடக்கும். உயிரையே பறிக்கும் பாட்டுலிசம் என்ற நோயைத் தருகிற பாக்டீரியா பி.எச். 4.6க்குக் கீழே வளராது. வினிகரில் ஊறிய மிளகாய் நாள்கணக்கில் கெடாமல் இருக்கிற ரகசியம் இதுதான்.

இப்போது என் பாட்டிலுக்கு வாருங்கள். கிளேசியல் அமிலம் கிட்டத்தட்ட 17.4 நார்மல். வினிகரைப் போல 21 மடங்கு. சவ்வைச் சுலபமாகத் தாண்டும் அதே குணம் இங்கே தோலுக்குள் இறங்குகிற குணமாகிவிடுகிறது. சில சமயம் பட்டவுடன் எரிச்சல்கூட தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெந்து கொப்புளிக்கும். அமிலம் வீக்தான். புண் வீக் இல்லை.

நம்ம ஊர் முந்திரிக் காட்டு வாசனை

வினிகர் ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பழைய தமிழில் இதற்குக் காடி என்று பெயர். தமிழ் பைபிளில் சிலுவைக் காட்சியில் வருவதும் காடிதான். இலங்கைத் தமிழர்கள் வினாகிரி என்கிறார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். வினிகர் என்ற சொல்லே பிரெஞ்சு மொழியில் புளித்த திராட்சை மது என்று பொருள்படும். கோவாக்காரர்களின் விண்டாலு குழம்பிலும் போர்த்துகீசிய மது, பூண்டு இரண்டும் பெயரிலேயே ஒளிந்திருக்கின்றன. அங்கே இன்றைக்கும் அதற்கு வினிகர்தான் ஊற்றுகிறார்கள்.

முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் உள்ள நண்பர்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் முந்திரித் தோப்புக்குள் நடந்தால் ஒரு வாசனை வரும். முதலில் பழ வாசனை. அப்புறம் கள் வாசனை. இன்னும் ரெண்டு நாள் போனால் மூக்கைக் குத்துகிற புளிப்பு வாசனை. அந்த மூன்றாவது வாசனைதான் அசிட்டிக் அமிலம். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே மண்ணில் விட்டுவிடுகிறோம். அது தானாகவே ஒரு கெமிக்கல் தொழிற்சாலையை நடத்துகிறது.

அந்தத் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட் ஈஸ்ட்டுக்கு. காற்று இல்லாமலே சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். கரியமில வாயு வெளியேறும். இரண்டாவது ஷிப்ட் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு. அதற்குக் காற்று கட்டாயம் வேண்டும். ஆல்கஹாலையும் ஆக்சிஜனையும் சேர்த்து அசிட்டிக் அமிலமும் தண்ணியும் ஆக்கும். 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் இதைத்தான் ஆராய்ந்து, வினிகர் தானாக ஆவதில்லை, உயிருள்ள நுண்ணுயிர்தான் ஆக்குகிறது என்று நிலைநாட்டினார்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் முதல் ஷிப்டில் 92 கிராம் ஆல்கஹால். இரண்டாவது ஷிப்டில் அது 120 கிராம் அசிட்டிக் அமிலம். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேருவதால் எடை கூடுகிறது. முந்திரிப் பழச்சாற்றில் சுமார் 10 சதவீதம் சர்க்கரை இருக்கும். அப்படியானால் ஏட்டுக்கணக்குப்படி 6.7 சதவீத அமிலம் வர வேண்டும். ஆவியாவது, நுண்ணுயிர் தின்பது எல்லாம் போக 4, 5 சதவீதம் வந்தால் லாபம்தான். அது சரியாக வினிகர் அளவு!

பழம் எவ்வளவு கிடைக்கும் தெரியுமா? கொட்டையின் எடையைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு பழம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம். தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு ஒன்றுதான் குறை. அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானினை ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றிப் படியவைத்து நீக்கலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப் பழத்தில் பானம், சிரப் என்று பல பொருள்கள் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. நம்ம பக்கம் பழம் மண்ணுக்குத்தான் போகிறது.

உடனே வீட்டில் பானை வைத்துவிடாதீர்கள். முதல் ஷிப்ட் முடிவில் பானையில் இருப்பது மது. 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிய அனுமதியோடு, ஒரு கூட்டுறவு அமைப்பாகச் செய்ய வேண்டிய வேலை இது. டிப்ளமோ முடித்து வேலை தேடுகிற நம்மில் நாலு பேர் சேர்ந்து யோசிக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

லேபிளைப் படியுங்கள்

கடை வினிகரில் இரண்டு ஜாதி. ஒன்று மேலே சொன்ன மாதிரி நொதிக்கவைத்துச் செய்தது. மற்றொன்று அசிட்டிக் அமிலத்தில் தண்ணி கலந்து செய்த செயற்கை வினிகர். கடைகளில் நாம் வாங்குகிற வெள்ளை வினிகர் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதி. இதில் தப்பு இல்லை; சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இரண்டிலுமே குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். செயற்கை வினிகர் என்றால், அசிட்டிக் அமிலத்தில் தயாரித்தது என்று லேபிளில் தெளிவாகப் போட வேண்டும். கந்தக அமிலம் மாதிரியான தாது அமிலம் எதுவும் கலந்திருக்கக் கூடாது.

"சட்டமே அனுமதித்தால் நீ செய்ததில் மட்டும் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். தப்பு இரண்டு. உணவுக்கான அமிலம் என்று ஒரு தரம் இருக்கிறது. நான் வாங்கியது சாயப் பட்டறைக்கும் ரப்பருக்கும் போகிற தொழிற்சாலைச் சரக்கு. அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டாவது தப்பு அந்தப் பெயரில்லாத பாட்டில்.

இப்போதெல்லாம் அமிலம் பெரும்பாலும் மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துத் தயாராகிறது. நம் நாட்டில் நெடுங்காலம் சர்க்கரை ஆலை மொலாசஸில் கிடைக்கும் ஆல்கஹாலிலிருந்து செய்தார்கள். எந்த வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். கூட வருகிற அழுக்குதான் வேறு.

உங்கள் வீட்டு வினிகரில் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமா? லேபில் ஆசிரியர் அனுமதியோடு செய்து பாருங்கள். 10 மில்லி வினிகரை 100 மில்லியாக நீர்க்கவும். அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, கானிக்கல் பிளாஸ்க்கில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் போடவும். பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. இளஞ்சிவப்பு நிற்கிற இடத்தில் ரீடிங் 16.6 என்றால், பிளாஸ்க்கில் இருப்பது 0.083 நார்மல். பத்து மடங்கு நீர்த்ததால் வினிகர் 0.83 நார்மல். 60ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 50 கிராம். ஆக 5 சதவீதம். ரீடிங் 12.5க்குக் கீழே போனால் சட்டம் சொல்கிற 3.75கூட இல்லை என்று அர்த்தம். பரீட்சைக்காக மட்டும் செய்கிற டைட்ரேஷன் ஒரு கடைக்காரரைக் கேள்வி கேட்கவும் உதவும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எந்த டிபார்ட்மெண்டுக்கு என்ன வேலை

மெக்கானிக்கல் நண்பர்களே, ஹாஸ்டலில் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் அதைக் கரைத்துக் கால்சியம் அசிட்டேட் ஆக்கும். கரியமில வாயு நுரைத்து வரும். 1 கிராம் படிவுக்கு 1.2 கிராம் அமிலம் தேவை, அதாவது 5 சதவீத வினிகரில் 24 மில்லி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அரைமணி ஊறவைத்து, நன்றாகக் கழுவினால் போதும்.

சிவில் நண்பர்கள் இதையே தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பிள் தரையும் கால்சியம் கார்பனேட்தான். வினிகர் கொட்டினால் பளபளப்பு போய்விடும்.

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, சில சிலிகான் சீலண்ட் காயும்போது வினிகர் வாடை அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது உண்மையிலேயே அசிட்டிக் அமிலம்தான். ஒட்டுகிற வினையில் வெளியேறுகிறது. அந்த வகையைச் சர்க்யூட் போர்டில் போட்டால் செப்புத் தடத்தை அரித்துவிடும். வாடை வராத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அமிலமும் செம்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்று பாட்டிமார்கள் சொன்னதற்கும் ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டதற்கும் பின்னால் இருப்பது இதே மாதிரி வேதியியல்தான். வினிகரையும் கண்ணாடி, பீங்கானில் வையுங்கள்.

கறுப்பு வெள்ளை போட்டோ ஸ்டூடியோ டார்க் ரூமில் டெவலப்பரின் வேலையை நிறுத்த வைத்திருந்த தொட்டியில் இருந்ததும் 1, 2 சதவீத அசிட்டிக் அமிலம்தான்.

ஒரு எச்சரிக்கை எல்லோருக்கும் பொது. வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். ஹாஸ்டல் பாத்ரூம் மாதிரி காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது விளையாட்டல்ல.

நர்ஸம்மா கலக்குகிற பாட்டில்

இனி அந்த அஞ்சு மில்லிக்குத் தொண்ணூற்றைந்து மில்லி கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கூச்சப்படாமல் படியுங்கள். இது நம் அம்மாமார்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தியப் பெண்களை அதிகம் கொல்லும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முக்கியமான ஒன்று. இது ஒரே நாளில் வருவதில்லை. புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருஷம் முன்பே அந்த இடத்துச் செல்களில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். அப்போதே கண்டுபிடித்தால் சிகிச்சை சுலபம். வெளிநாடுகளில் செல்லைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அதற்கு லேப் வேண்டும், நிபுணர் வேண்டும், முடிவு வர நாளாகும். கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவதே பெரிசு. முடிவைக் கேட்க இரண்டாவது நாளும் வருவாரா?

இங்கேதான் வினிகர் வருகிறது. 4 அல்லது 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கிறார்கள். மாற்றமடைந்த செல்களில் உட்கருவும் புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் தற்காலிகமாக உறைந்து, அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம். முடிவு அப்போதே தெரியும்.

இது உயிரைக் காப்பாற்றுமா என்று பெரிய அளவில் சோதித்துக் காட்டிய இடம் எது தெரியுமா? நம் திண்டுக்கல் மாவட்டம்! 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு. அம்பிளிக்கை கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் இந்தப் பரிசோதனை, மீதிப் பாதியில் வழக்கமான வைத்தியம். பரிசோதனைப் பகுதியில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள்.

2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதியில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் மற்றப் பகுதியைவிடக் குறைந்திருந்தது. சித்தி கடையில் மிளகாய் ஊறுகிற அதே அமிலம், கிட்டத்தட்ட அதே சதவீதம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிகளில் நடத்திய ஆய்வும் சாவு குறைந்தது என்றுதான் 2013இல் சொன்னது.

அதற்காக வீட்டு வினிகரில் யாரும் எதையும் செய்துகொள்ளக் கூடாது. இது பயிற்சி பெற்றவர் மட்டும் செய்யும் வேலை. ஆஸ்பத்திரியில் கிளேசியல் அமிலத்தைத்தான் வாங்கி வைத்திருப்பார்கள். தினமும் புதிதாக 5 மில்லியை அளந்து 95 மில்லி காய்ச்சி வடித்த தண்ணியில் கலப்பார்கள். நர்ஸுகளுக்கான பயிற்சியில் இதை அழுத்திச் சொல்கிறார்கள்: நீர்க்காத அமிலம் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். 4 சதவீதம் உயிரைக் காக்கும், 100 சதவீதம் சுட்டுவிடும். அந்த நர்ஸம்மா அளக்காமல் தொட மாட்டோம் என்றதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது எச்.பி.வி. வைரஸையே நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் முதலில் சிபாரிசு செய்கிறது. தடுப்பூசியும் இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும் சரி, 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கலாம். வலிக்காதா, வெட்கமாக இருக்குமே என்று அம்மா தயங்கலாம். நம்மாலும் நேராகச் சொல்ல முடியாமல் இருக்கலாம். அக்காவிடமோ சித்தியிடமோ சொல்லிச் சொல்ல வையுங்கள். நான் சித்தியிடம் சொன்னேன். அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வந்தார்.

கடைசியாக

என் தப்பிலிருந்து நான் எழுதிவைத்துக்கொண்ட நாலு விஷயம்:

ஒன்று, பெயரில்லாத பாட்டிலில் எதையும் வாங்காதே, ஊற்றாதே. முக்கியமாகத் தண்ணி பாட்டிலில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில். லேபிளில் பெயர் மட்டும் போதாது. சதவீதமும் தேதியும் வேண்டும்.

இரண்டு, லேபில் நீர்க்கும்போது தண்ணியில் அமிலத்தை விடு. அமிலத்தில் தண்ணியை விடாதே. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். உணவுக்கு நீயே கலக்கவே கலக்காதே.

மூன்று, மேலே பட்டால் ஓடுகிற தண்ணியில் குறைந்தது 15 நிமிஷம் கழுவு. சோடா உப்பைப் போட்டு "நியூட்ரலைஸ்" செய்கிறேன் என்று கிளம்பாதே. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. பாட்டிலையும் கையோடு எடுத்துப்போ.

நான்கு, படித்தவன் வீட்டில் வைக்கிற பொருளை மற்றவர்கள் நம்புவார்கள்.

சித்தி பையன் இப்போது நன்றாக இருக்கிறான். தாடையில் மட்டும் ஒரு சின்னத் தழும்பு. சித்தி கடையில் லேபிள் ஒட்டிய வினிகர்தான் ஊற்றுகிறார். போன வாரம் போயிருந்தபோது அவன் ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து, "அண்ணா, இதுல எத்தன பர்சென்ட்னு போட்ருக்கான், படி" என்றான். படித்தேன். 4 என்று போட்டிருந்தது.